ஜி-14 இருக்கையின் கருத்து

ஜூலை 11, வெள்ளி

படம் முடிவதற்குச் சற்று முன்னால் வேனின் இரண்டு முகப்பு விளக்குகள் மட்டும் ராத்திரி இருட்டில் திரையிலிருந்து நம்மைப் பார்த்து எரிகின்றன. முதலில் நம் வலது கைப்பக்கம் இருக்கும் விளக்கு கண் சிமிட்டுகிற நேரம் மறைகிறது. பிறகு இடது கைப்பக்கம் இருப்பது. அப்புறம் இருட்டு. பெயர்கள் ஓடுகின்றன.

இதை வேறு யாரும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் எல்லோரும் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டுவதும் செருப்பைக் காலால் துழாவுவதுமாக இருந்தார்கள். நான் மட்டும் திரைக்குப் பக்கத்துக் கதவைத் திறப்பதற்காகத் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன்.

படத்தின் பெயர் ‘இன்னும் பதினோரு கிலோமீட்டர்’. எங்கள் பொன்வண்டு டாக்கீஸில் இன்றைக்குத்தான் போட்டார்கள். காலைக் காட்சிக்கு முப்பத்தோரு பேர். பாதிப் பேர் குற்றாலத்தில் குளித்துவிட்டுச் சாரலுக்கு ஒதுங்கியவர்கள். தலையில் எண்ணெய் போகவில்லை. இருக்கையில் கறை படியும் என்று மேனேஜர் மாமா ஆளுக்கு ஒரு பழைய செய்தித்தாள் கொடுத்து, தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

என் வேலை டார்ச் அடிப்பது. தாமதமாக வருகிறவர்களுக்கு இடம் காட்ட வேண்டும். வெளிச்சம் தரையில் விழும், என் முகம் யாருக்கும் தெரியாது. பேசவும் வேண்டாம். டார்ச்சை இரண்டு முறை ஆட்டினால் ‘இந்த வரிசை’. ஒரு முறை ஆட்டினால் ‘காலை மடக்குங்கள்’. இதைவிட நல்ல வேலை எனக்குக் கிடைக்காது.

கதையை எழுதி வைக்கிறேன். கதாநாயகன் அமரர் ஊர்தி வேன் ஓட்டுகிறவன். ஐஸ் பெட்டியில் ஒரு பெண்ணின் உடலை ஏற்றிக்கொண்டு அவளுடைய ஊருக்குப் புறப்படுகிறான். பாதி வழியில் பெட்டிக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்கிறது. திறந்தால் அவள் எழுந்து, சேலையை உதறிவிட்டு, முன் இருக்கையில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவன் எதுவும் கேட்பதில்லை. அவள் எதுவும் சொல்வதில்லை. இப்படியே காதல் வந்துவிடுகிறது. வழியில் எல்லா மைல்கல்லிலும் ‘11 கி.மீ.’ என்றே இருக்கிறது. சுங்கச்சாவடியில் காசு வாங்காமல் ஒரு பல்லைக் கழற்றித் தரச் சொல்கிறார்கள். போலீஸ் தொப்பி போட்ட ஆடு ஒன்று வண்டியைச் சோதனை போடுகிறது. பத்து நிமிடம் செருப்பு மழை பெய்கிறது. ஊர் வந்தால் அவளைப் புதைக்கக் கொடுக்க வேண்டுமே என்று அவன் பாதையை மாற்றி மாற்றி ஓட்டுகிறான். கடைசியில் அவள் முதல் தடவையாக வாயைத் திறந்து என்னவோ சொல்கிறாள். சரியாக அப்போது எதிரே ஒரு லாரி ஹாரன் அடிக்கிறது. ஒன்றும் கேட்பதில்லை. அவள் இறங்குகிறாள். அவ்வளவுதான்.

வெளியே போகும்போது ஒருவர், “கடசீல அந்தப் பிள்ள என்னவே சொல்லிச்சு?” என்று கேட்டார்.

“படம் முடிஞ்சிட்டு, வீட்டப் பாத்துப் போங்கன்னு சொல்லிச்சு” என்றார் கூட வந்தவர்.

ஜூலை 12, சனி

மேனேஜர் மாமா என்னைக் கூப்பிட்டு ஒரு நோட்டைக் கொடுத்தார். அவர் பெயர் கோமதிநாயகம். அம்மாவுக்குச் சித்தி மகன். படக் கம்பெனியிலிருந்து தகவல் வந்திருக்கிறதாம். தினமும் பார்வையாளர்கள் பத்துப் பேருடைய கருத்தை இருக்கை எண்ணோடு எழுதி அனுப்ப வேண்டும். எந்த ஊர்க் கருத்து நன்றாக இருக்கிறதோ அந்த ஊருக்கு டைரக்டரே நேரில் வருவாராம்.

“நம்ம தியேட்டர் கட்டி நாப்பத்தாறு வருசம். சினிமாக்காரங்க ஒருத்தர் காலு இங்க பட்டதில்ல. அந்தக் கீழ ரத வீதி தியேட்டர்க்காரன் ஒரு வில்லன் நடிகரக் கூட்டியாந்து போட்டோ எடுத்துப் பெருசா மாட்டி வச்சிருக்கான். நான் அத தெனமும் பாத்துக்கிட்டுல்லா வீட்டுக்குப் போறேன்” என்றார்.

நோட்டை நூலில் கட்டி டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் தொங்கவிட்டோம். சாயங்காலம் வரை ஒருவர் மட்டும் எழுதியிருந்தார். ‘பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை.’

“இது சரிப்படாது. ஏட்டி வடிவு, நீதான் உள்ள நிக்க. ஜனம் பேசுறதக் கேட்டு எழுதிப் போடு. உன் கையெழுத்து நல்லாத்தான இருக்கும்?”

தலையை ஆட்டினேன். ஒன்பதாவது வரை படித்தேன். கையெழுத்துக்குப் பரிசும் வாங்கியிருக்கிறேன். இந்த நாட்குறிப்பும் என் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நோட்டின் மீதிப் பக்கங்களில்தான் எழுதுகிறேன். முன் பக்கத்தில் தவளையின் இதயம் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் காரணம் மைக் ரிப்பேர். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

இருட்டில் நின்று கேட்டதை அப்படியே எழுதினேன்.

சி-3: ஆட்டுக்குப் போலீஸ் தொப்பி வச்சது சரி. ஆனா அது பெட்ட ஆடு. அதிகாரமெல்லாம் கிடாகிட்டதான் இருக்கும். (இவர் பாவூர்சத்திரம் சந்தையில் ஆட்டு வியாபாரி. துண்டில் வாசனை இருந்தது.)

எஃப்-7: மைல்கல் தலையில மஞ்சப் பெயிண்டு. மஞ்சன்னா தேசிய நெடுஞ்சாலை. ஆனா ரோடு ஒத்த வண்டி போற ரோடு. அதுக்கு ஆரஞ்சு அடிக்கணும். இந்த ஒரு தப்புல படமே நம்புற மாதிரி இல்லாமப் போயிட்டு. (சாலைப் பணியாளர். செத்தவள் எழுந்து உட்கார்ந்தபோது இவர் ஒன்றும் சொல்லவில்லை.)

டி-11: நம்ம வீட்டு ஆளும் இப்படித்தான், அம்பாசமுத்திரத்துல இருந்து இங்க வர ஒரு வார்த்த பேசல. (புதுப்பெண். மஞ்சள் கயிறு இன்னும் புதிதாக இருக்கிறது.)

டி-12: ம். (அவள் கணவர்.)

ஏ வரிசை முழுவதும்: எப்பப்பா பேய் வரும்? (மதுரையிலிருந்து வந்த எட்டுப் பேர். பேய்ப் படம் என்று நினைத்து வந்திருக்கிறார்கள். பேய் அவ்வளவு நேரமும் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தது அவர்களுக்குக் கடைசி வரை தெரியவில்லை.)

ஈ-9: பெட்டிக்குள்ள இருந்து தட்டுனா வெளிய கேக்கவே கேக்காது. மூடியில ரப்பர் அப்படி. நான் சொல்லுதேன். (இவர் சுப்புக்குட்டி அண்ணாச்சி. ஊரில் ஐஸ் பெட்டியை வண்டியோடு வாடகைக்கு விடுகிறவர் இவர் ஒருவர்தான். தன் தொழிலை வைத்து ஒரு படம் வந்திருக்கிறது என்று மாப்பிள்ளை மாதிரி வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.)

கேண்டீன் நடத்தும் மைதீன் பாத்து அக்கா படத்தைப் பார்ப்பதே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தத்தை மட்டும் கேட்கிறார். அவர் கருத்தையும் எழுதினேன். “சத்தத்த மட்டும் கேட்டா நல்ல குடும்பப் படமாத்தான் தெரியுது.”

இங்கே எழுதாத இரண்டையும் சேர்த்து ஒன்பதுதான் வந்தது. இன்னும் ஒன்று வேண்டும். மேனேஜர் மாமா வாசலில் நின்று “ஆச்சா? ஆச்சா?” என்று அவசரப்படுத்தினார். என்ன செய்வது என்று தெரியாமல் ஜி-14 என்று போட்டேன். ஜி-14இல் யாரும் உட்கார மாட்டார்கள். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பூனை அதில் குட்டி போட்டது. மெத்தையைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். இப்போது இரண்டு இரும்புக் கம்பிதான் இருக்கிறது. அந்த எண்ணுக்கு டிக்கெட்டே கிடையாது. அதனால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

ஜி-14: செருப்பு மழையில் விழுவதெல்லாம் இடது கால் செருப்பாகவே இருக்கிறது. ஒரே ஒரு வலது கால் செருப்பு விழுகிறது. அவள் அதை எடுத்துப் போட்டுப் பார்க்கிறாள், சரியாக இருக்கிறது. அவள் செத்தபோது தொலைத்தது அதுவாக இருக்கும்.

ஜூலை 14, திங்கள்

நல்ல மழை. ஜி-14 இன்றைக்கும் எழுதினார்.

ஜூலை 15, செவ்வாய்

சுப்புக்குட்டி அண்ணாச்சி மூன்றாம் தடவை வந்தார். இடைவேளையில் பஃப்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றார்.

“என்ன அண்ணாச்சி, பஃப்ஸு ஆறுது” என்றார் மைதீன் பாத்து அக்கா.

“இன்னைக்குக் காலம்பற ஆய்க்குடிக்கு ஒரு பெரியவர ஏத்திட்டுப் போனேன் பாத்துக்க. இருவத்திரெண்டு வருசமா ஓட்டுதேன், ஒரு நாளும் திரும்பிப் பாத்ததில்ல. இன்னைக்கு ரெண்டு எடத்துல வண்டிய நிப்பாட்டி, பின்னால போயி, காத வச்சுக் கேட்டேன்.”

“தட்டுனாரா?”

“தட்டல. ஆனா அவரு மகன் பின்னால பைக்கில வந்தான். என்ன அண்ணாச்சி பண்ணுதீயன்னு கேட்டான். கூலிங் இருக்கான்னு பாக்கேன்னு சொல்லிட்டேன்.”

இதையும் ஈ-9 என்று எழுதிக்கொண்டேன்.

மேனேஜர் மாமா இதுவரை நோட்டைப் படிக்காமலேயே போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். இன்றைக்குக் கம்பெனியிலிருந்து பதில் வந்ததும்தான் படித்தார். முகம் வெளிறிவிட்டது.

“பி-2, ‘இதப் பாத்த நேரத்துக்கு எருமையக் குளிப்பாட்டிருக்கலாம்.’ ஏட்டி, இதையா எழுதி அனுப்புன?”

அவர் அப்படித்தான் சொன்னார் என்று சொல்ல நினைத்தேன். டார்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஆனா ஒண்ணு. அந்த ஜி-14 யாருன்னு கம்பெனில கேக்காவ. டைரக்டரம்மா அதத்தான் முதல்ல படிக்காவளாம். படிச்ச ஆளு போலுக்கு. பேங்க் ஆபீசரா இருக்குமோ?”

இருக்கலாம் என்பது போலத் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு நடந்தே போனேன். ஷேர் ஆட்டோ பின்னால் ஹாரன் அடித்து நின்றதாம், எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்.

ஜூலை 16, புதன்

அவள் கடைசியில் என்ன சொல்கிறாள் என்று ஊரே பேசுகிறது. சைக்கிள் ஸ்டாண்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள்.

“‘என்னை மறந்துரு’ன்னு சொல்லுதா வே. இல்லன்னா ஏன் எறங்கிப் போறா?”

“ரெண்டரை மணி நேரம் வண்டில உக்காந்திருக்கா. ‘பாத்ரூம் போணும்’னு சொல்லிருப்பா. இது ஒரு பெரிய விசயமா?”

டி-11 புதுப்பெண் இன்றைக்கும் வந்தாள், கணவரோடு. “எனக்கு உங்களப் பிடிக்கும்னு சொல்லுறா. வேற என்ன சொல்லுவா, நீங்க சொல்லுங்க” என்று அவரைக் கேட்டாள்.

“ம்” என்றார் டி-12.

எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்தது. ஆண்டு விழாவில் வரவேற்புரை சொல்ல என்னைத்தான் நிறுத்தினார்கள். கையெழுத்து நன்றாக இருந்தால் பேச்சும் நன்றாக இருக்கும் என்று டீச்சர் நினைத்துவிட்டார். மேடையில் ஏறி வரவேற்புரை முழுவதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து யாரோ, “மைக்க மாத்துங்கப்பா” என்று கத்தினார்கள். மைக் செட் அண்ணன் ஓடி வந்து வேறு மைக் வைத்தார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவர் அதையும் மாற்றினார். மூன்றாவது மைக் சிறப்பு விருந்தினர் கையிலிருந்து பிடுங்கி வந்தது. நான்கு பக்கமும் ஒயரை எல்லாம் இழுத்துப் பார்த்தார்கள். அந்த மைக் செட் சரியில்லை.

மறுநாளிலிருந்து நான் போகவில்லை.

ஜூலை 17, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்.

அதாவது, ஜி-14 கண்டுபிடித்துவிட்டார்.

இன்றோடு பத்தொன்பது தடவை அந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்தாயிற்று. நான் நிற்கிற இடத்தில் அவள் வாய் எங்கள் வீட்டுக் கதவு அளவு பெரிது. பேச்சு முழுவதும் அவள் உதடு ஒரு தடவைகூட ஒட்டவில்லை. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். ‘என்னை மறந்துரு’ என்றால் ‘ம’வுக்கு உதடு ஒட்டும். ‘பாத்ரூம்’, ‘பிடிக்கும்’, ‘போறேன்’ எல்லாவற்றுக்கும் ஒட்டும். ‘விட்டுரு’ என்றால் பல் கீழுதட்டில் படும். அதுவும் படவில்லை. ஆனால் மூன்று இடத்தில் உதடு குவிகிறது.

பிறகு அந்த விளக்கு. வண்டி நம்மைப் பார்த்து நிற்கிறது. அவள் உட்கார்ந்திருந்தது நம் வலது கைப்பக்கம். அந்தப் பக்கம் இறங்கி ஓடிப்போகிறவள் விளக்கை ஏன் மறைக்க வேண்டும்? வண்டிக்கு முன்னால் குறுக்கே நடந்தால்தான் முதலில் வலது, பிறகு இடது. இடது பக்கம்தான் டிரைவர் கதவு.

அவள் அவனை விட்டுப் போகவில்லை. “தள்ளிக்கோ. நான் ஓட்டுறேன்” என்று சொல்லிவிட்டுச் சுற்றி வருகிறாள்.

கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். உதடு ஒட்டவில்லை. மூன்று இடத்தில் குவிந்தது. அப்படியே அவள் மாதிரியே. பத்துத் தடவை சொன்னேன்.

அம்மா பீடி சுற்றுகிற முறத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள். “என்னட்டி, பல்லு வலிக்கா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“வாயத் தொறந்துதான் சொல்லேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பழகிப்போய்ச் சொன்னாள்.

ஜி-14: அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். கடைசி விளக்குகளைப் பாருங்கள்.

ஜூலை 18, வெள்ளி

டைரக்டர் வருகிறார். ஞாயிறு மதியக் காட்சிக்கு. ஜி-14ஐப் பார்ப்பதற்காகவே வருகிறாராம்.

மேனேஜர் மாமா துள்ளிக் குதித்துக்கொண்டே உள்ளே ஓடினார். ‘ஆபீசர் சார்’ உட்காருகிற இடத்தைத் துடைத்து வைக்கலாம் என்று ஈரத்துணியும் கையுமாகப் போனவர், ஜி வரிசையில் பதிமூன்று, பதினாலு என்று எண்ணிக்கொண்டே போய் இரண்டு கம்பிக்கு முன்னால் நின்றார். அவரே கழற்றச் சொன்ன மெத்தைதான்.

திரும்பி என்னைப் பார்த்தார். டார்ச்சை அணைத்துவிட்டேன்.

“ஏட்டி.”

நான் சுவரோடு சேர்ந்து நின்றேன்.

“நீயா?”

டார்ச்சை ஒரு முறை போட்டு அணைத்தேன். அது ‘ஆமாம்’ என்று அவருக்கும் புரிந்துவிட்டது.

அவர் திட்டவில்லை. படியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். “ஜனம் எழுதுனது இல்ல, டார்ச் அடிக்கிற பிள்ள எழுதிச்சுன்னு தெரிஞ்சா, கள்ளக் கருத்து அனுப்புன தியேட்டர்னு சிரிப்பாவ. கீழ ரத வீதிக்காரன் அதையும் போட்டோ எடுத்து மாட்டுவான். நீ யாருகிட்டயும் சொல்லிராத, என்ன?” என்றார். பிறகு அவரே சிரித்தார். “உங்கிட்டப் போயி இதச் சொல்லுதேன் பாரு.”

அவர் சொன்னது சரிதான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இன்றைக்கு மதியக் காட்சியில் ஏழு பேரைத் தப்பான வரிசையில் உட்கார வைத்துவிட்டேன்.

ஜூலை 19, சனி

சுப்புக்குட்டி அண்ணாச்சியை ஜி-14 ஆக நியமித்தார்கள். படத்தை அதிகத் தடவை பார்த்தவர் அவர்தான், வெள்ளைச் சட்டையும் இருக்கிறது. மேனேஜர் மாமாவின் சொந்த நாற்காலி மெத்தையைக் கழற்றி அந்தக் கம்பியில் சணல் கயிறு போட்டுக் கட்டினார்கள்.

ஒத்திகை நடந்தது. நான் எழுதியதை எல்லாம் மேனேஜர் மாமா படிக்க, அண்ணாச்சி திருப்பிச் சொல்ல வேண்டும்.

“செருப்பு மழையப் பத்தி என்ன எழுதுனீங்க?”

“செருப்பு நெறைய விழுது.”

“ஏன் இடது கால் செருப்பா விழுது?”

“கம்பெனில வலது கால் செருப்பு ஸ்டாக் இல்ல.”

“அண்ணாச்சி!”

“மேனேஜரே, எனக்கு இது சரியாப் படல. அடுத்தவங்க எழுதுனத நாம எழுதுனோம்னு எப்படிவே சொல்லுறது? யாரு எழுதுனாங்களோ அவங்களக் கூட்டியாரலாம்லா?”

“அவங்க பேச மாட்டாங்க.”

“ஏன், மௌன விரதமா?”

நான் மறுபக்கம் திரும்பி வெற்றிலைக் கறை படிந்த படிகளைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் படியை நான் நேற்றே பெருக்கியிருந்தேன்.

இங்கே ஒன்று எழுத வேண்டும். அன்றைக்கு அந்த மூன்று மைக்கும் நன்றாகத்தான் இருந்தன.

ஜூலை 20, ஞாயிறு

டைரக்டர் காரில் வருவார் என்று மேனேஜர் மாமா மாலையோடு ரோட்டைப் பார்த்து நின்றார். டைரக்டரோ மதுரை பஸ்ஸில் வந்து, பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு வழியாக உள்ளே வந்து, கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தார். மைதீன் பாத்து அக்காவுக்கு அவர் யாரென்று தெரியாது. “படத்துக்கா வந்தீக? பாக்காதீக. கேளுங்க. கேட்டா நல்லாருக்கு” என்று சொல்லியிருக்கிறார்.

டைரக்டர் பெயர் மங்களேஸ்வரி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. போட்டோ எடுத்தார்கள். மேனேஜர் மாமா கண்ணை மூடிவிட்டார், ஆறு தடவை எடுத்தார்கள், ஆறிலும் மூடிவிட்டார்.

அரங்கில் இன்றைக்குக் கூட்டம். எஃப்-7 சாலைப் பணியாளர் கையில் ஆரஞ்சுப் பெயிண்ட் டப்பாவே கொண்டுவந்திருந்தார். டி-11, டி-12 வந்திருந்தார்கள். படம் முடிந்து விளக்கு போட்டதும் டைரக்டர் திரைக்கு முன்னால் நின்று மைக்கில் பேசினார்.

“இந்தப் படத்தை மத்த ஊர்ல எல்லாம் தியேட்டர்ல இருந்து தூக்கிட்டாங்க. இங்க மட்டும்தான் ஓடுது. நான் உங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லணும். கடைசியில அவ என்ன சொல்றான்னு எனக்கே தெரியாது.”

யாரோ பின்னால், “அடப்பாவி!” என்றார்கள்.

“கடைசி நாள் ஷூட்டிங். ‘உனக்கு என்ன தோணுதோ சொல்லு, மேல ஹாரன் போட்டுக்கறேன்’னு நடிச்ச பொண்ணுகிட்ட சொன்னேன். அவ சொல்லிட்டு இறங்கிப் போனா. டீ குடிக்கப் போறான்னு நினைச்சு கட் சொல்லிட்டேன். அப்புறம் எத்தனை தடவை கேட்டாலும் சிரிக்கிறா, சொல்ல மாட்டேங்கறா. இந்தப் படத்தோட முடிவு தெரியாமலே நான் அடுத்த படம் எழுத உக்காந்தேன். ஒரு வரி வரல. நாம பாட்டுக்கு அர்த்தமே இல்லாம எடுத்து வச்சிருக்கோமோ, இந்தத் தொழிலையே விட்டுடலாமான்னு இருந்தப்பதான் ஜி-14 எழுதினதப் படிச்சேன். அவருக்குத் தெரியுமாம். ஜி-14, கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா?”

சுப்புக்குட்டி அண்ணாச்சி எழுந்தார். மெத்தையும் அவரோடு சேர்ந்து எழுந்தது. சணல் கயிறு பெல்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தது.

“சார், அவ என்ன சொன்னா?”

அண்ணாச்சி மேனேஜர் மாமாவைப் பார்த்தார். மாமா நோட்டைப் புரட்டினார். ஜி-14 அதை எழுதவில்லையே.

“பெட்டிய நல்லா மூடு, கரண்டு வீணாப் போகுதுன்னு சொல்லுது” என்றார் அண்ணாச்சி.

அரங்கமே சிரித்தது. டைரக்டர் சிரிக்கவில்லை. “கடைசி விளக்குகளைப் பாருங்கன்னு எழுதியிருந்தீங்களே. எந்த விளக்கு?”

அண்ணாச்சி தலையைத் தூக்கி மேலே டியூப் லைட்டைப் பார்த்தார். எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

“நாளைக்கே மாத்திருவோம் மேடம்” என்றார் மேனேஜர் மாமா.

அண்ணாச்சி கைகூப்பிவிட்டார். “என்னால முடியல தாயி. நான் எழுதல. நான் ஈ-9. இது பூனைக்குப் பேறுகாலம் பாத்த சீட்டு. இதுல ஆளே கிடையாது.”

டைரக்டர் மைக்கைக் கீழே இறக்கினார். அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் பக்கத்தில்தான், கதவோரம் நின்றேன். எதையோ சொல்ல வாயைத் திறந்து, சத்தம் வராத முகம். அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

“சரி” என்றார் கடைசியில். “ஆளே இல்லாத சீட்டுல இருந்துதான் எனக்குக் கடிதம் வந்திருக்கு. ஆப்பரேட்டர் சார், கடைசி அஞ்சு நிமிசம் மட்டும் ஒரு தடவ போடுங்க. பாத்துட்டு பஸ் ஏறுறேன்.”

விளக்கை அணைத்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். ஹாரன் அடித்தது. அவள் இறங்கினாள். வண்டி எங்களைப் பார்த்து நின்றது. இன்றைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை, ஒருவரும் செருப்பைத் தேடவில்லை.

என் கையில் டார்ச் இருந்தது. அதைத் தூக்கினேன் என்பதே தூக்கிய பிறகுதான் தெரிந்தது. வலது விளக்கு மறையும்போது திரையில் அதன்மேல் வெளிச்சம் அடித்தேன். இடது விளக்கு மறையும்போது வெளிச்சத்தை அங்கே நகர்த்தினேன். அங்கிருந்து டிரைவர் கதவுக்கு நகர்த்தி, இரண்டு முறை ஆட்டினேன்.

இந்த வரிசை.

திரை இருண்டது.

“குறுக்க நடந்து போறா வே!” என்றார் ஆட்டு வியாபாரி.

“ஓட்டப் போறா” என்றார் டி-12. அவருக்கு ‘ம்’ தவிர வேறு வார்த்தையும் தெரியும் என்று டி-11க்கே இன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

“டார்ச் அடிச்சது யாரு?” டைரக்டர் குரல் இருட்டில் மிக அருகில் கேட்டது. “நீங்கதானா? அவ என்ன சொன்னா?”

கதவுத் தாழ்ப்பாள் என் இடது கையில் இருந்தது. திறந்தால் சைக்கிள் ஸ்டாண்டு, அப்புறம் ரோடு. மேனேஜர் மாமா எங்கேயோ “ஏட்டி, ஏட்டி” என்று கிசுகிசுத்தார்.

தாழ்ப்பாளை விட்டேன். டார்ச்சை என் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். கண் கூசியது. ஒருவரும் தெரியவில்லை. அது வசதியாக இருந்தது. அவள் சொன்னதைச் சொன்னேன். உதடு ஒட்டவில்லை, மூன்று இடத்தில் குவிந்தது.

பின் வரிசையிலிருந்து சுப்புக்குட்டி அண்ணாச்சி கத்தினார். “ஒண்ணும் கேக்கல! அந்தப் பிள்ளைக்கு மைக்கக் குடுங்கப்பா!”

டைரக்டர் மைக்கை நீட்டினார். அதன் தலை என் தாடையில் சில்லென்று பட்டது.

மைக்கை ஒதுக்கிவிட்டு, சத்தமாகச் சொன்னேன்.